ஊசி போட்டும் சுகர் அடங்கவில்லையே!

ராமநாதபுரம் கடலோரத்து ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்சுலின் பற்றியவை. "ஒரே சாப்பாடு, ஒரே அளவு ஊசி, ஆனால் சுகர் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை" என்பதுதான் பெரும்பாலோரின் புலம்பல். பொதுவாகப் பயன்படும் என்று தோன்றிய கடிதங்களுக்கு மருத்துவக் குழு பதில் தருகிறது. ஊர் மட்டும் போட்டிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மூன்று வருடமாக டைப் 1 சர்க்கரை. இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 14 யூனிட், மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன் 6 யூனிட். காலையில் ஒருநாள் 110 இருக்கும், மறுநாள் 290 இருக்கும். போன மாதம் திடீரென்று வாந்தி, வயிற்றுவலி. சுகர் 230தான் இருந்தது. பிள்ளை எதுவும் சாப்பிடவில்லையே, ஊசி போட்டால் சுகர் இறங்கி லோ ஆகிவிடுமே என்று அன்று இரவு ஊசியை விட்டுவிட்டேன். பக்கத்து கிளினிக்கில் வாயுக்கோளாறு என்றார்கள். மறுநாள் மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியுவில் சேர்த்தோம். கீட்டோன் ஏறிவிட்டதாம். 230க்கே இப்படி ஆகுமா?
_ஒரு தாய், தங்கச்சிமடம்_

பதில்: ஆகும், சகோதரி. நீங்கள் பயந்த பயம் எல்லாத் தாய்க்கும் வருவதுதான். ஆனால் உடம்பே இன்சுலின் சுரக்காத டைப் 1 பிள்ளைக்குச் சாப்பாடு நின்றாலும் இன்சுலின் நிற்கக் கூடாது. சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் இல்லையென்றால் அந்தச் சர்க்கரை செல்லுக்குள் போகாது. செல் பட்டினி கிடக்கும், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அந்த எரிப்பில் வரும் அமிலம்தான் கீட்டோன். அது சேரச் சேர வாந்தி வரும், வயிறு வலிக்கும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும், வாயில் பழுத்த பழ வாடை அடிக்கும். சுகர் எண் பெரிதாக இருந்தால்தான் கீட்டோன் வரும் என்று எந்த விதியும் இல்லை. டைப் 1 பிள்ளை வாந்தி எடுத்தால், கீட்டோன் இல்லை என்று பார்த்து உறுதி செய்யும்வரை அதைக் கீட்டோன் வாந்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாயு, அஜீரணம் எல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்த முறை காய்ச்சலோ வாந்தியோ வந்தால் இப்படிச் செய்யுங்கள். இரவு 14 யூனிட்டை நிறுத்தவே வேண்டாம். சுகரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், இரவிலும் எழுப்பிப் பாருங்கள். அதோடு கீட்டோனையும் பாருங்கள். விரல் ரத்தத்தில் பார்க்கும் கீட்டோன் மீட்டர் இருந்தால் 0.6க்குக் கீழே கவலை இல்லை. 0.6 முதல் 1.5 வரை என்றால் கண்காணிப்பு. 1.5க்கு மேல் போனால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். 3.0 தொட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கீட்டோன் ஏறும்போது வேகமாக வேலை செய்யும் இன்சுலினைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். அதற்கு மருத்துவர்கள் எடுக்கும் கணக்கு, ஒரு நாளின் மொத்த இன்சுலினில் பத்தில் ஒரு பங்கு. கீட்டோன் அதிகமென்றால் ஐந்தில் ஒரு பங்கு வரை. உங்கள் மகளுக்கு நாள் மொத்தம் 14உம் 18உம் சேர்த்து 32 யூனிட். ஆக, ஒரு தடவைக்கு ஏறத்தாழ 3 யூனிட், அதிகபட்சம் 6. இந்த எண்களை அவளைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டி, "கீட்டோன் இவ்வளவு, சுகர் இவ்வளவு என்றால் இத்தனை யூனிட்" என்று நோட்டில் அவர் கையெழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பதறிக்கொண்டு கணக்குப் போடுகிற வேலை மிச்சம்.

இன்சுலினைப் போலவே நீர் ஆகாரமும் முக்கியமான மருந்து. வாந்தி இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் கொடுங்கள், மணிக்கு ஒரு டம்ளராவது உள்ளே போக வேண்டும். சுகர் 250க்கு மேல் இருந்தால் தண்ணீர், உப்புப் போட்ட சீரகத் தண்ணீர். 250க்குக் கீழே வந்துவிட்டால் இளநீரோ சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாறோ கொடுங்கள். சுகர் உள்ள பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரா என்று திகைக்க வேண்டாம். கீட்டோனை அணைக்க இன்சுலின் வேண்டும், அந்த இன்சுலினை லோ ஆகாமல் போட வேண்டுமானால் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கீட்டோன் இறங்கும்.

சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் வைத்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் அதிகமாகச் சேரும் கீட்டோன் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். ஸ்ட்ரிப் காட்டுவது அதையல்ல, அசிட்டோ அசிட்டேட் என்ற இன்னொன்றை. அதனால் தொடக்கத்தில் குறைவாகக் காட்டும். சிகிச்சை தொடங்கி உடம்பு தேறும்போது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் அசிட்டோ அசிட்டேட்டாக மாறுவதால் நிறம் இன்னும் கருஞ்சிவப்பாகக்கூடும். நிறத்தை மட்டும் நம்பாமல் பிள்ளையின் மூச்சையும் விழிப்பையும் பாருங்கள். டப்பா மூடியைத் திறந்து போட்டால் கடல் காற்றின் ஈரத்தில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். திறந்த தேதியை டப்பாவில் எழுதி, அட்டையில் போட்டிருக்கும் காலம் முடிந்ததும் தூக்கிப் போடுங்கள்.

இரண்டு தடவைக்கு மேல் வாந்தி, மூச்சிரைப்பு, தூக்கக் கலக்கம், கீட்டோன் 3.0, அல்லது சுகர் 70க்குக் கீழே போயும் எதுவும் வயிற்றில் தங்காத நிலை: இதில் ஒன்று இருந்தாலும் 108தான். பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். விடியட்டும் என்று காத்திருக்கும் ஊர் அல்ல தங்கச்சிமடம். ஆம்புலன்ஸில் ஏறியதும் "டைப் 1, கீட்டோன் இருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி அந்த 110, 290 விவகாரம். மூன்று இரவுகள் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என மூன்று தடவை பார்த்து எழுதுங்கள். 3 மணிக்கு 60, 65 என்று இறங்கியிருந்தால் இரவு ஊசி கூடுதல் என்று பொருள், அதைக் குறைக்க வேண்டும். காலை 290ஐப் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால் ஆபத்து. 3 மணிக்குச் சரியாக இருந்து, அதன் பிறகு ஏறினால் விடியற்காலை ஹார்மோன்களின் வேலை. பதின்ம வயதில் அது பலமாகவே இருக்கும். படுக்கும்போதே அதிகம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டைப் பாருங்கள். பரோட்டா, எண்ணெய் மிதக்கும் சால்னா போன்றவை மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் சுகரை ஏற்றும். மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் இன்சுலின் சரியாகப் பிடிக்காது. காலண்டரில் அந்தத் தேதிகளையும் குறித்து வந்தால், காரணமே இல்லை என்று நினைத்த பல 290களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாட்டில் இன்சுலின் தருகிறார்கள். சிரிஞ்ச் தீர்ந்துபோய்க் கடையில் வாங்கினேன். மூடி ஆரஞ்சு நிறம். அதே 20 கோடு வரைதான் இழுக்கிறேன், ஆனால் ஒரு வாரமாக 350க்குக் குறையவில்லை.
_ஒரு வாசகர், ஏர்வாடி_

பதில்: உடனே அந்தச் சிரிஞ்சை மாற்றுங்கள். பாட்டிலில் 40 என்று போட்டிருக்கும், அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். ஒரு வாரமாகப் பாதிக்கும் குறைவான இன்சுலினில் ஓட்டியிருக்கிறீர்கள். வாந்தி, அசதி இருந்தால் இன்றே கீட்டோனும் பாருங்கள். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் பயங்கரம்: 100 பாட்டிலைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய் ஆளையே சாய்த்துவிடும். கடையில் சிரிஞ்ச் கேட்கும்போது காலி பாட்டிலைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன், வயது 47. காலை 24, இரவு 16 யூனிட் கலப்பு இன்சுலின். தடைக்காலத்தில் வீட்டில் இருந்தபோது சுகர் 300 வரை ஏறியதால் அளவைக் கூட்டினார்கள். ஜூனில் முதல் தடவை கடலுக்குப் போனபோது நடுராத்திரி வலை இழுக்கையில் வேர்த்துக் கொட்டிக் கண் இருட்டியது. ஊசி மருந்தை ஐஸ் அறையில்தான் வைக்கிறேன். அது சரியா?
_ஒரு மீனவர், பாம்பன்_

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது, அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அத்தனை நாளும் உடம்புக்கு வலை இழுக்கிற வேலை இல்லை. உழைக்கும் தசை இன்சுலின் அதிகம் கேட்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஓய்ந்த தசை அப்படிச் செய்யாது. அதனால் தடைக்காலத்தில் அளவு கூடியது நியாயம். கூட்டிய அளவிலேயே ஜூன் 15க்குப் பிறகு படகேறியதுதான் தப்பு. தடைக்கு ஓர் அளவு, தொழில் நாட்களுக்கு ஓர் அளவு என்று இரண்டாக எழுதி வாங்குங்கள். கடுமையான உடல் வேலை உள்ள நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குவது வழக்கம். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் உங்கள் எண்களைப் பார்த்துச் சொல்லட்டும்.

நடுராத்திரியில் ஏன் வந்தது என்றும் பார்க்கலாம். கலப்பு இன்சுலினில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, 70 பங்கு மெதுவாகச் செய்வது. மெதுவான பங்கு ஊசி போட்ட நாலு மணி நேரத்துக்குப் பிறகு பத்து மணி நேரம் வரை உச்சத்தில் இருக்கும். எட்டு மணிக்குப் போட்டால் நடுராத்திரியிலிருந்து விடியும்வரை அதன் ஆட்சி. சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் வலை இழுக்கிறீர்கள். ஊசி போட்டுவிட்டு மீன் குழம்பு கொதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சோறு தட்டில் விழுந்த பிறகு, அரை மணி நேரத்துக்குள் சாப்பிடும்படி போடுங்கள். இரவு வேலைக்கு முன் சுகர் பாருங்கள். 100க்குக் குறைவாக இருந்தால் நாலு பிஸ்கட்டோ ஒரு கை சோறோ சாப்பிட்டுவிட்டுத்தான் வலையைத் தொட வேண்டும். உழைப்பின் தாக்கம் அன்றோடு முடியாது. கரைக்கு வந்து தூங்கும்போதும், ஒரு நாள் கழித்தும்கூட லோ ஆகலாம்.

குளுக்கோஸ் பொடியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஒன்றைப் படகு ஓட்டும் வீல் ஹவுஸிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள். வேர்வை, நடுக்கம் வந்ததும் மூன்று டீஸ்பூன் பொடி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 70ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை. மிட்டாய், கடலை உருண்டை இதற்கு உதவாது, கரைய நேரமாகும். கூட வரும் ஆட்களுக்கு இதைச் சொல்லியே வைத்திருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கரைக்குத் திரும்ப வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

ஐஸ் அறையில் வைக்கவே வேண்டாம். இன்சுலின் உறைந்தால் செத்த மருந்து, உருகிய பிறகும் உயிர் வராது. நேராக ஐஸில் பட்டாலும் உறையக்கூடும். எஞ்சின் பக்கமும் வேண்டாம், சூடு அதை மெல்லக் கொல்லும். பயன்பாட்டில் உள்ள பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் நாலு வாரம் தாங்கும். வாய் அகன்ற பிளாஸ்க்கில் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விட்டு, பாட்டிலைத் துணியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, அதைப் பிளாஸ்க்கில் இறக்குங்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் ஈர மணலில் பதித்த மண்பானை நல்ல வழி. ஆனால் காற்று ஈரமாக இருக்கும் நம் கரையில் மண்பானை உள்நாட்டில் குளிர்வது போல் குளிராது. காற்றோட்டமான நிழலில் வைத்தால்தான் பலன்.

ஒவ்வொரு தடவையும் பாட்டிலை உள்ளங்கையில் பத்து தடவை உருட்டி, பத்து தடவை மேலும் கீழும் கவிழ்த்து, பால் போல் ஒரே சீராக வந்த பின் இழுங்கள். குலுக்கக் கூடாது. திரித் திரியாக மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படிந்தது போல் ஒட்டியிருந்தாலோ அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். கலக்காமல் இழுத்தால் ஒருநாள் தெளிந்த பங்கு அதிகம், ஒருநாள் கலங்கல் பங்கு அதிகம் போகும். உங்கள் சுகர் ஒருநாள் போல் இல்லாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: கடல்பாசி எடுக்கும் வேலை, வயது 36. ஐந்து வருடமாக ஊசி. தொப்புளுக்கு வலது பக்கம் போட்டால் வலியே தெரிவதில்லை, அதனால் அங்கேயே போடுகிறேன். அந்த இடம் பஞ்சு போல் மேடாகிவிட்டது. சுகர் 80க்கும் 320க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது.
_ஒரு வாசகி, பெரியபட்டினம்_

பதில்: அந்த மேடுதான் ஊஞ்சல் கட்டிய மரம், அம்மா. ஒரே இடத்தில் இன்சுலின் படப்பட அங்கே கொழுப்பு வீங்கி, நரம்பு மரத்துப்போகிறது. அதனால்தான் வலியில்லை. வீங்கிய இடத்திலிருந்து இன்சுலின் ஒருநாள் தாமதமாகவும், ஒருநாள் மொத்தமாகவும் ரத்தத்துக்குப் போகும். அளவை ஏற்றி ஏற்றிப் பார்த்தும் அடங்காத சுகரில் இதுதான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் குற்றவாளி. ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

குளிக்கும்போது கையில் சோப்பு நுரையோடு வயிறு, தொடை எல்லாம் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கட்டியும் அகப்படும். அந்த இடங்களைப் பேனாவால் வட்டமிட்டு, சில மாதங்களுக்கு அங்கே ஊசி போடாதீர்கள். மற்ற இடத்துக்கு மாறும்போது எச்சரிக்கை: நல்ல தோலில் இன்சுலின் முழுசாக ஏறும். பழைய அளவையே போட்டால் கடலில் முங்கும்போது லோ ஆகி மயங்கிவிடுவீர்கள். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துத் தொடங்கி, முதல் ஒரு வாரம் தினம் நாலு தடவை சுகர் பாருங்கள். அந்த வாரம் தனியாகக் கடலில் இறங்க வேண்டாம்.

வயிற்றை நாலு கட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளும் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் விரல் அகலம் இடைவெளி. ஊசியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும், அதுவும் மேட்டை வளர்க்கும். இன்சுலின் பேனாவானால் முதலில் 2 யூனிட்டை வெளியே தெறிக்கவிட்டுப் பாருங்கள். குத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரமாக எடுத்தால் முனையில் சொட்டும் அந்தத் துளியில் சில யூனிட் போய்விடும்.

கேள்வி: கருப்பட்டி இயற்கையானது, இன்சுலின் போடுபவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்களே?
_ஒரு வாசகர், சாயல்குடி_

பதில்: முடியாது. கருப்பட்டியில் பெரும்பங்கு சர்க்கரைதான், சுகர் ஏறுவதில் சீனிக்கும் அதற்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. பதநீரிலும் நூறு மில்லிக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை உண்டு, ஒரு பெரிய டம்ளர் இருபது கிராமைத் தாண்டும். குடித்த நாளில் குடித்தேன் என்று நோட்டில் எழுதுங்கள். காரணம் தெரியாத ஏற்றம் பலவற்றுக்கு இது மாதிரி ஒரு டம்ளர்தான் காரணமாக இருக்கிறது.

கேள்வி: என் வாப்பாவுக்கு 58 வயது, டைப் 2. இன்சுலினோடு டபாகிளிஃப்ளோசின் மாத்திரையும் உண்டு. நோன்பின் பத்தாம் நாள் குமட்டல், வயிற்றுவலி, அசதி. சுகர் 170தான். ஆனால் ஆஸ்பத்திரியில் கீட்டோன் அதிகம் என்றார்கள். இது எப்படி?
_ஒரு மகள், கீழக்கரை_

பதில்: அந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் மீட்டரில் 170 என்று நல்லபடியாகத் தெரியும். உள்ளே இன்சுலின் குறைந்து, சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் கொழுப்பு எரிந்துகொண்டிருக்கும். சுகர் ஏறாமலேயே கீட்டோன் அமிலம் ஏறும் நிலை இது. எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் என "கிளிஃப்ளோசின்" என்று முடியும் எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தும். சில கலவை மாத்திரைகளிலும் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். காய்ச்சல், வாந்தி, பட்டினி என்றால் டாக்டரிடம் கேட்டு இதை நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டியது மாத்திரையை, இன்சுலினை அல்ல.

ஒருமுறை கீட்டோன் ஏறியவருக்கு நோன்பு ஆபத்து அதிகம். அடுத்த ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள், ஹஜரத்திடமும் பேசுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. பகலில் 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். குமட்டல் வந்தால் சுகர் எவ்வளவு இருந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். நோன்பு திறந்ததும் தொதல் இனிப்பில் தொடங்காமல், தண்ணீர், ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை கஞ்சி என்று தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே விரலில் அடுத்தடுத்துப் பார்த்தேன், 188, 211. எதை நம்புவது?
_ஒரு வாசகர், தொண்டி_

பதில்: இரண்டும் ஒன்றுதான். நல்ல மீட்டருக்கே நூறுக்கு 15 வரை மேலே கீழே காட்ட அனுமதி உண்டு, உண்மையில் 200 என்றால் 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். இந்த வித்தியாசத்துக்காக ஊசி அளவை மாற்றாதீர்கள். எதிர்பாராத எண் வந்தால் கையைச் சோப்பில் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி பாருங்கள். மாம்பழம் நறுக்கிய விரல் 300 காட்டும், ஈர விரல் குறைத்துக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை ஜன்னலோரம் வைக்க வேண்டாம், ஒன்றை எடுத்த நொடியே மூடியை அழுத்தி மூடுங்கள்.